ஆளை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு ஓரத்தையே வெட்டிட்டீங்களே!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, போன்ல படம் எடுக்குறவங்களுக்குன்னு அரைப்பக்கம் டிப்ஸ் போட்டிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. முதல் டிப்ஸே ஆளை நட்டநடுவுல நிறுத்தாதீங்க, ஸ்க்ரீனை ஒன்பது கட்டமா பிரிச்சு கோடும் கோடும் சேர்ற எடத்துல நிறுத்திப் பாருங்கன்னு. ரொம்ப சரி. ஆனா அதே பக்கத்துல கீழ வாசகருங்க அனுப்புன படம்னு ஒரு வரிசை போடுவீங்கல்ல, அதுல அத்தனை படத்துலயும் ஆளு நட்டநடுவுல நிக்குறாரு. வாசகருங்க அப்படித்தான் அனுப்புறாங்க நாங்க என்னங்க பண்றதுன்னு நீங்க கேக்கலாம், அங்கதான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு, ஏன்னா அதுல ஒரு படத்தோட ஒரிஜினல் என் கடை கம்ப்யூட்டர்லயே இருக்கு.

நான் பெங்களூர் அல்சூர்ல போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். ஃபிலிம் ரோல் காலத்துலருந்து இதே தொழில்தான், பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, செத்துப்போனவங்க படத்தைப் பெருசு பண்ணி மாலை போட ஃப்ரேம் பண்ணித் தர்றது, எல்லாம். சாயங்காலத்துல அக்கம்பக்கத்துப் பசங்க சில பேரு கடைக்கு வந்து படம் எடுக்கக் கத்துக்குறாங்க, ஃபீஸ் கீஸ்லாம் கிடையாது, கூட்டமா இருந்தா லேமினேஷன் மெஷின்கிட்ட நின்னு ஒத்தாசை பண்ணுவாங்க அவ்ளோதான். அதுல காலேஜ் படிக்குற ஒரு பொண்ணு எடுத்த படம் அது. அல்சூர் ஏரிக்கரை, மழை பேஞ்சு விட்ட சாயங்காலம், இடது பக்கம் மூணுல ஒரு பங்கு எடத்துல கடலை வண்டிக்காரர், கையில வறுக்குற கரண்டி, அவரு தலையைத் திருப்பி வலது பக்கமா பாத்துட்டு இருக்காரு, அந்த வலது ஓரத்துல ஸ்கூல் யூனிஃபார்ம்ல ரெண்டு பசங்க, ஒருத்தன் உள்ளங்கையில சில்லறையை எண்ணிட்டு இருக்கான், இன்னொருத்தன் எட்டி எட்டிப் பாக்குறான். நடுவுல ஒண்ணுமே இல்ல, ஈரத் தரையும் அதுல வண்டி பல்போட மஞ்ச வெளிச்சமும்தான். காசு பத்துமா பத்தாதான்னு அவனுங்க கணக்குப் போடுறதும், வருவானுங்களா மாட்டானுங்களான்னு இவரு பாக்குறதும், எல்லாமே அந்தக் காலி எடத்துலதான் நடக்குது.

நீங்க போட்ட படத்துல பசங்க இல்ல, சில்லறையும் இல்ல. இடது பக்கம் மூணுல ஒரு பங்குல நிக்குற ஆளை நடுவுக்குக் கொண்டு வரணும்னா வலது பக்கம் மூணுல ஒரு பங்கை வெட்டுனாப் போதும், கரெக்ட்டா சென்டர்ல வந்து உக்காந்துக்குவாரு, அதைத்தான் உங்க லேஅவுட்ல பண்ணிருக்காங்க. இப்ப பாத்தா ஒரு கடலை வண்டிக்காரர் எதையோ பாத்து மொறைச்சுக்கிட்டு நிக்குறாரு, என்னத்தைப் பாக்குறாருன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு பேப்பரைக் கொண்டாந்து காட்டி, அங்கிள் பேரு மட்டும் என் பேரு, படம் என்னுது இல்லன்னு சொல்லிச்சு. எனக்கு பதில் சொல்லத் தெரியல, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

லேஅவுட் பண்ற தம்பியைத் திட்டறதுக்காக இதை எழுதலைங்க, எடம் கம்மி விளம்பரம் ஜாஸ்தின்னு எனக்கும் தெரியும். ஆனா ஆளை நடுவுல வைக்குற இந்தப் பழக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதை விடணும்னு தோணும். இதை யாரும் நமக்குச் சொல்லிக்குடுக்கல, கேமராவே பழக்கி விட்டுடுச்சு. பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர் கேமரா புடிச்சவங்களுக்குத் தெரியும், வ்யூ ஃபைண்டர்ல கண்ணை வெச்சா நட்டநடுவுல ஒரு சின்ன வட்டம் இருக்கும், அந்த வட்டத்துக்குள்ள மூக்கு ரெண்டா வெட்டுப்பட்டுத் தெரியும், லென்ஸைத் திருகித் திருகி ரெண்டு பாதியும் ஒண்ணு சேர்ந்தா ஃபோகஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். மூக்கு சேர்ந்த சந்தோஷத்துல அப்படியே க்ளிக் பண்ணிடுவாங்க, அப்புறம் ஆளு நடுவுல இல்லாம எங்க இருப்பாரு? அதுக்கப்புறம் ஆட்டோ ஃபோகஸ் வந்துச்சு, ஆரம்பத்துல வந்ததுல அதுவும் நடு பாயிண்ட்டத்தான் நம்பிச்சு. பட்டனைப் பாதி அமுக்கிப் புடிச்சுக்கிட்டு கேமராவை நகத்தி அப்புறம் முழுசா அமுக்கணும், இந்தப் பாதி அமுக்குற வித்தை தெரியாமலே வாழ்க்கை பூரா படம் எடுத்தவங்க எத்தனையோ பேரு. இப்ப போன்ல மூஞ்சி எந்த மூலையில இருந்தாலும் அதுவே தேடிப் புடிச்சு கட்டம் போடுது, காரணம் போயிடுச்சு பழக்கம் மட்டும் நிக்குது. போதாததுக்கு இன்ஸ்டாகிராம் 2010-ல வந்தப்ப சதுரப் படம்தான், 2015 வரைக்கும் அதை விட்டா வேற ஷேப்பே கிடையாது, வாட்ஸ்அப் டிபி இன்னைக்கும் வட்டம்தான், வட்டத்துக்குள்ள மூஞ்சியை நடுவுல வெச்சாத்தான் காது தப்பிக்கும்.

இதோட பலன் என்னன்னு பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை விதானசௌதா, அதான் நம்ம சட்டசபைக் கட்டடம், அதுக்கு எதுத்தாப்புல ரோட்டோரம் போய் நில்லுங்க. ஊர்லருந்து வந்த மாமா மாமியை நிறுத்தி மருமகன் போனைத் தூக்குறாரு, மூஞ்சியை ஸ்க்ரீன் நடுவுல வைக்குறாரு, மூஞ்சி நடுவுலன்னா என்ன ஆகும், தலைக்கு மேல பாதி படத்துக்கு வானம், கீழ முழங்காலோட கட். பட்டுப்புடவை பார்டரும் போச்சு, புதுச் செருப்பும் போச்சு. கண்ணை மட்டும் மேல் கோட்டுக்கு ஏத்தியிருந்தா ஆளு முழுசா வந்திருப்பாரு. ஓரம் தள்ளுறதுன்னாலே இடது வலதுன்னுதான் எல்லாரும் நெனைக்குறாங்க, மேல கீழ நகத்துறதும் அதுல சேர்த்திதான். எங்கிட்ட வர்ற பசங்களுக்கு நான் முதல்ல இதைத்தான் பண்ணச் சொல்றது, கண்ணு மேல் கோட்டுல, மத்ததெல்லாம் அப்புறம்.

அப்புறம் வள்ளுவர் சிலை. ஏரிக்கரையில நம்ம வள்ளுவர் சிலை இருக்குல்ல, 1991-லருந்து 18 வருஷம் மூடியே கெடந்து 2009 ஆகஸ்ட் 9-ந்தேதி கலைஞர் வந்து அப்ப கர்நாடகா முதல்வரா இருந்த எடியூரப்பாவை பக்கத்துல வெச்சுக்கிட்டு திறந்து வெச்சாரே, அந்த சிலை. வர்றவங்க எல்லாரும் அதுக்கு நேரா முன்னாடி போய் நடுவுல நின்னு படம் எடுத்துக்குறாங்க, பின்னாடி வள்ளுவர் முக்காவாசி மறைஞ்சு போறாரு. 18 வருஷம் கழிச்சுத் திறந்த சிலையை நம்ம ஆளு தன் தலையால மறுபடி மூடுறான். ரெண்டு அடி இடது பக்கம் தள்ளி நில்லுப்பான்னு சொன்னா, அண்ணே அப்ப நான் ஓரத்துல போயிடுவனேன்னு கேக்குறான். போ, அதுக்கென்ன, ஒரு பங்குல நீ இரு, இன்னொரு பங்குல வள்ளுவர் இருக்கட்டும், பாக்குறவனுக்கு ரெண்டு பேரும் தெரியட்டும்.

எங்க தொழில்ல இதுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு, அதை ஆர்ட்டுன்னுகூட சொல்ல முடியாது, மடிப்பு. கல்யாண ஆல்பம் 12க்கு 36 இன்ச் ஷீட்ல பிரிண்ட் போடுவோம், அது நடுவுல மடியும். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் நடுவுல வெச்சு அகலமா ஒரு படத்தைப் பரப்பினா மடிப்பு எங்க விழும்? பொண்ணு மூக்குல. பார்ட்டி ஆல்பத்தைத் திறந்து பாத்துட்டு, என்னங்க இது பொண்ணு மூஞ்சில கோடுன்னு கேட்டா நாம என்ன சொல்றது. அதனால ஆல்பம் டிசைன் பண்றவன் எவனா இருந்தாலும், அவன் எந்த ரூலும் படிச்சிருக்க வேணாம், ஆளை ஓரமா தள்ளி எடுக்கக் கத்துக்குவான், மடிப்பு விழற எடத்துல பந்தல் தோரணமோ குத்துவிளக்கோ வர்ற மாதிரி பாத்துக்குவான். உங்க பேப்பருக்கும் நடுப்பக்கத்துல இதே பிரச்சினை இருக்குன்னு நெனைக்குறேன்.

மூணுல ஒரு பங்குன்னு சொல்றாங்களே அது எங்கருந்து வந்துச்சுன்னு பசங்க கேப்பாங்க. 1797-ல இங்கிலாந்துல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு ஓவியர், கிராமத்துக் காட்சிகளை வரையுறது பத்தி எழுதுன புஸ்தகத்துலதான் ரூல் ஆஃப் தேர்ட்ஸ்ங்குற பேரையே வெக்குறாரு. கேமரா உலகத்துக்குத் தெரிய வந்ததே 1839-லதான், அதுக்கும் முன்னாடி. அவரு அங்க ஆளை எந்தக் கோட்டுல நிறுத்தணும்னு பேசல, ஒன்பது கட்டமும் போடல, பங்கு பிரிக்குறதைப் பத்திப் பேசுறாரு. வானத்துக்கு ரெண்டு பங்கு குடுத்தா மத்ததுக்கு ஒரு பங்கு குடு, இல்ல மாத்திக் குடு, தண்ணிக்கு ரெண்டு பங்குன்னா நிலத்துக்கு ஒரு பங்கு, பாதிக்குப் பாதி பிரிச்சா எது பெரிசுன்னே தெரியாமப் போயிடும்னு. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, ஒரு பங்கை ஆளுக்குக் குடுத்துட்டீங்க சரி, மிச்சம் ரெண்டு பங்கை எதுக்குக் குடுத்தீங்க, அந்தக் கேள்வி. கோட்டுல ஆளை நிறுத்துறது ஒரு நிமிஷத்துல வந்துடும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ரொம்ப நாள் ஆகும். உங்க டிப்ஸ்ல அதைச் சொல்லாம விட்டுட்டீங்க, அதான் எனக்கு முக்கியமான குறை, வெட்டுனதை விடப் பெரிய குறை. (படத்தைப் பிரிக்க இன்னொரு கணக்கும் உண்டு, கோல்டன் ரேஷியோ 1.618-னு நத்தை ஓடு மாதிரி ஒண்ணு போட்டு பயமுறுத்துவாங்க, அந்தக் கணக்குல கோடு 38 சதவீதத்துல வரும், இதுல 33-ல வரும், கையில போனைப் புடிச்சுக்கிட்டு ஓடுற குழந்தையை எடுக்குறப்ப இந்த அஞ்சு சதவீதத்தை யாரு பாக்கப் போறா, விடுங்க.)

பிஎம்டிசி பஸ்ல மூணு பேரு உக்கார்ற சீட்டு இருக்கு. அதுல ஒருத்தரு ஜன்னலோரமா உக்காந்திருந்தா மிச்ச எடம் வர்றவங்களுக்குன்னு நமக்கே தெரியுது, போய் உக்காந்துக்குறோம். நடுவுல உக்காந்துட்டாருன்னு வைங்க, ரெண்டு பக்கமும் எடம் இருந்தும் கேக்கக் கூச்சமா இருக்கு. படத்துலயும் அப்படித்தான், ஆளு ஒதுங்கி நின்னா பாக்குறவன் கண்ணு உள்ள வர எடம் கெடைக்குது. ஆனா அந்த எடத்துல என்னமாவது வேலை நடக்கணும், அதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சில வழிங்க இருக்கு.

ஆளு எந்தப் பக்கம் பாக்குறாரோ அந்தப் பக்கம் எடம் விடுறது ஒண்ணு. பறவை படம் எடுக்குறவங்களுக்கு இது ரத்தத்துலயே ஊறிப்போனது, தஞ்சாவூர்ல பொறந்து நம்ம பெங்களூர்ல வாழ்ந்து 2017-ல காலமான டி.என்.ஏ.பெருமாள் ஐயா எடுத்த படங்களை எங்க கெடைச்சாலும் உக்காந்து பாருங்கன்னு பசங்ககிட்ட சொல்றது அதுக்குத்தான். பறவை அலகுக்கு முன்னாடி எடம் இருந்தா அது எதையோ கவனிக்குதுன்னு தெரியும், வாலுக்குப் பின்னாடி எடத்தை விட்டுட்டு அலகை ஓரத்துல முட்ட வெச்சா கூண்டுல அடைச்ச மாதிரி ஆயிடும். ஓடுற வண்டிக்கும் இதேதான், ஆட்டோ வலது பக்கம் போவுதுன்னா வலது பக்கம் ரோடு இருக்கணும். சில சமயம் வேணும்னே திருப்பிப் பண்ணலாம், ஊரைக் காலி பண்ணிட்டுப் போறவங்களை எடுக்குறப்ப முன்னாடி எடமே இல்லாம பின்னாடி பூரா காலியா விட்டா அதுக்கு வேற அர்த்தம் வந்துடுது. அது தெரிஞ்சு பண்ணணும்.

அளவைக் காட்டுறது இன்னொண்ணு. லால்பாக் தோட்டத்துப் பாறை மேல, பெங்களூரை உருவாக்குன கெம்பேகௌடா பேர்ல ஒரு கோபுரம் இருக்கு பாத்திருப்பீங்க, சின்ன மண்டபம் மாதிரி. அந்தப் பாறைக்கு சுமார் 300 கோடி வருஷம் வயசுன்னு போர்டே வெச்சிருக்காங்க. பசங்களை அங்க அனுப்பினா முக்காவாசிப் பேரு பக்கத்துல போய் கோபுரத்தை மட்டும் நடுவுல வெச்சு எடுத்துட்டு வருவாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா அது எந்த ஊரு கோபுரமாவும் இருக்கலாம். ஒரு பையன் கீழருந்தே எடுத்தான், வலது மேல் மூலையில கோபுரம் கட்டைவெரல் நகம் அளவுக்கு, மிச்சம் பூரா பாறைச் சரிவு, அதுல மழைத் தண்ணி ஓடுன கறுப்புத் தாரை மேலருந்து கீழ வரைக்கும். கண்ணு அந்தத் தாரையைப் புடிச்சுக்கிட்டே ஏறி கோபுரத்துல போய் நிக்குது. பாறை எவ்ளோ பெரிசுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, கோபுரம் எவ்ளோ சின்னதுன்னும். அத்துணூண்டு கோபுரம் அவ்ளோ பெரிய பாறைக்கு எப்படி ஈடு குடுக்குதுன்னா, அது மட்டும்தான் வானத்தை ஒட்டி தனியா நிக்குது, மனுஷன் கட்டுனதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு. வெளிச்சமானது, மூஞ்சி, எழுத்து, சிவப்புக் கலரு, இதெல்லாம் சின்னதா இருந்தாலும் கண்ணை இழுத்துடும்.

அதனாலதான் ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஆளை ஒரு கோட்டுல நிறுத்திட்டோம்னு சந்தோஷமா வந்துடுறாங்க, எதுத்த பக்கம் காலி எடத்துல என்ன இருக்குன்னு பாக்குறதில்ல. கே.ஆர்.மார்க்கெட்ல விடியக்காலையில பூ எடுக்கப் போன ஒரு பையன், சாமந்திக் குவியலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குற அம்மாவை ரொம்ப அழகா வலது பக்கக் கோட்டுல வெச்சிருக்கான், இடது பக்கம் பாத்தா பளபளன்னு சிவப்புக் கலர்ல பிளாஸ்டிக் பக்கெட்டு, மேல ஃபிளெக்ஸ் போர்டுல யாரோ ஒரு தலைவர் கும்பிட்டுக்கிட்டு சிரிக்குறாரு. கண்ணு நேரா தலைவருகிட்ட போயிடுது, அந்தம்மா அவருக்குக் கீழ ஒரு ஆளா ஆயிட்டாங்க. இதுக்கு நடுவுலயே வெச்சு நெருக்கிப் போயி எடுத்திருக்கலாம். கிரிட் கோடு, அதான் அந்த ஒன்பது கட்டம், அதைப் போட்டுட்டா போன் எல்லாத்தையும் பாத்துக்கும்னு நெனைக்கக் கூடாது, கோட்டுக்கு ஃபிளெக்ஸ் போர்டு தெரியாது.

நடுவுல வைக்கவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. 1889-ல அடிக்கல் நட்டுக் கட்டுன லால்பாக் கண்ணாடி மாளிகையை நேர் எதுக்க நின்னு எடுக்குறீங்கன்னா ரெண்டு பக்கமும் சரிசமமா வந்தாத்தான் அதுக்கு அழகு, அங்க போய் ஓரம் தள்ளுனா கட்டடம் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். விதானசௌதாவும் அப்படித்தான். வாசல்ல போட்ட கோலம், பூப்பல்லக்குல வர்ற சாமி நேருக்கு நேரா நம்மளப் பாக்குறப்ப, தொட்டில் குழந்தையை மேலருந்து எடுக்குறப்ப, இதெல்லாம் நடுவுலதான். எங்க பாஸ்போர்ட் போட்டோவும்தான்! அதுல ஓரமா நிறுத்துனா ஆபீஸ்காரன் திருப்பி அனுப்பிடுவான். நடுவுல வெச்சா இதுதான் விஷயம், வேற எங்கயும் பாக்காதேன்னு சொல்ற மாதிரி. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லலாம். எல்லாப் படத்துலயும் அதையே சொல்லிட்டிருந்தா சலிச்சுப் போயிடும்.

கத்துக்க ஆசைப்படுற வாசகருங்களுக்கு கைப்பக்குவமா சிலது சொல்லிடுறேன், நீங்க போட முடிஞ்சா போடுங்க. போன் கேமரா செட்டிங்ஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கும், ஐபோன்ல செட்டிங்ஸ் உள்ள கேமராவுல இருக்கும், ஆன் பண்ணிக்கோங்க. ஆளை ஓரமா வெச்சதும் மூஞ்சியைத் தொடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா நடுவுல பளீர்னு வானமோ ஜன்னலோ இருந்தா போன் அந்த வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி அளந்து மூஞ்சியைக் கருப்பாக்கிடும், தொட்டா அந்த எடத்து வெளிச்சத்தை அளக்கும், அழுத்திப் புடிச்சா லாக் ஆயிடும், அப்புறம் போனை கொஞ்சம் நகத்திக்கலாம். அப்புறம் ஜூமை 0.5-ல வெச்சு ஆளை ரொம்ப ஓரத்துக்குத் தள்ளாதீங்க, வைட் லென்ஸ் ஓரத்துல இருக்குறதை இழுத்து விட்டுடும். கல்யாண மேடையில குரூப் போட்டோவுல கடைசியில நிக்குற சித்தப்பா திடீர்னு குண்டாயிடுறாரே, அந்தக் கதைதான், அவரு தப்பு இல்ல. 1-லயோ 2-லயோ வெச்சு நீங்க பின்னாடி நடங்க.

கடையில நான் பண்ண வைக்குறது போனே இல்லாத ஒரு வேலை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து எல் ஷேப்ல ரெண்டு துண்டு வெட்டிக்கணும், வீட்டுல இருக்குற ஏதாவது ஒரு 6க்கு 4 பிரிண்ட் மேல ரெண்டையும் எதிரும் புதிருமா வெச்சா நடுவுல ஒரு ஜன்னல் கெடைக்கும், அதை நகத்தி நகத்திப் பாக்கணும், ஆளை இடது பக்கம் வர வை, வலது பக்கம் வர வை, கீழ எறக்கு, தலையில கொஞ்சம் வெட்டு. ஒரே படத்துக்குள்ள எத்தனை படம் இருக்குன்னு அப்பத்தான் தெரியும். அட்டையை நகத்துறப்ப ஒரு எடத்துல கை தானா நிக்கும், ஏன் நின்னுச்சுன்னு யோசிக்குறதுதான் பாடம். ஒரு பாட்டி, தாத்தாவோட பழைய படத்தை காப்பி எடுக்கக் கொண்டாந்தவங்க, பசங்க பண்றதைப் பாத்துட்டு தானும் அட்டையை வாங்கி நகத்தி, தாத்தாவை ஒரு பக்கமா ஒதுக்கி, அவரு பக்கத்துல இருந்த சைக்கிளையும் சேத்து ஒரு எடத்துல நிறுத்துனாங்க. அதுவரைக்கும் மூஞ்சி மட்டும் பெருசு பண்ணித் தாங்கன்னு சொல்லிட்டு இருந்தவங்க, சைக்கிளும் இருக்கட்டும் தம்பின்னுட்டாங்க, அப்படியே போட்டுக் குடுத்தேன்.

நடுவுல வெச்சு எடுத்தாச்சு, இப்ப என்ன பண்றதுன்னா அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 12 மெகாபிக்சல் போன் படம் பெரும்பாலும் 4000க்கு 3000, ஒரு பக்கத்துல நாலுல ஒரு பங்கை வெட்டுனா ஆளு மூணுல ஒரு பங்கு கோட்டுக்கு வந்துடுவாரு, படம் 3000க்கு 3000 சதுரமா ஆயிடும், அப்பவும் 9 மெகாபிக்சல் மிச்சம் இருக்கு, பேப்பர்ல அச்சடிக்க அது தாராளம். ஆனா எந்தப் பக்கத்தை வெட்டுறதுங்குறதை அவரு பார்வையை வெச்சு முடிவு பண்ணணும், பாக்குற பக்கத்தை வெட்டிடக் கூடாது. வெட்டுறதே தப்புன்னு நான் சொல்ல வரலைங்க, நானும் தெனம் வெட்டிட்டுதான் இருக்கேன்.

சரி, உங்ககிட்ட கேக்க வந்தது இதுதான். வாசகர் படத்துக்கு எடம் பத்தலைன்னா ஆறுக்கு பதிலா மூணு போடுங்க, சின்னதாக்கூடப் போடுங்க, ஆனா முழுசா போடுங்க. வெட்டியே ஆகணும்னா அனுப்புனவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு எந்தப் பக்கம் வெட்டலாம்னு கேட்டுக்கோங்க, ஒரு நிமிஷ வேலை. அகலமான படத்தை பேப்பரோட ஒத்தப் பத்தியில திணிக்குறதுக்கு பதிலா ரெண்டு பத்தி அகலம் குடுத்தா வெட்டாமலே முழுசா வந்துடும், உங்க லேஅவுட் தம்பிக்கே தெரியும், சொல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்கன்னு நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் சொல்றோம், இதுக்கும் சொல்லலாம். அப்படியே பொன்னாடை போத்துற படங்களையும் ஒரு வாட்டி பாருங்க, போத்துறவரும் போத்திக்குறவரும் ரெண்டு பேரும் நடுவுல நின்னு கேமராவையே பாத்துட்டு இருக்காங்க, யாருக்கு யாரு போத்துறாங்கன்னு கீழ படிச்சாத்தான் தெரியுது, உங்க போட்டோகிராபருங்க ரெண்டு எட்டு பக்கவாட்டுல போய் நின்னு எடுத்தா எதுத்தாப்புல உக்காந்திருக்குற கூட்டமும் கொஞ்சம் வரும். முடிஞ்சா அந்தக் கடலை வண்டிப் படத்தை இன்னொரு வாட்டி முழுசா போடுங்க, ஒரிஜினலை மெயில்ல அனுப்பியிருக்கேன், அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுதான் அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்கார வாசகர் ஒருத்தர்,
அல்சூர், பெங்களூர்.

பி.கு: வாசகருங்களுக்கு ஒண்ணு, வாட்ஸ்அப்ல படத்தைச் சும்மா அனுப்பினா சைஸைக் குறைச்சுடும், அதுக்கப்புறம் பேப்பர்ல போட்டா மங்கலாத்தான் வரும். டாக்குமெண்ட்னு போட்டு அனுப்புங்க, இல்ல மெயில்ல அனுப்புங்க, ஃபில்டர் எதுவும் போடாம.